அரியலூர்க் கடற்கரை

எண்பதுகளில் நிலவியல் மாணவர்களாகக் அரியலூர் வட்டாரத்துக் காரை கிராம ஓடைகளில் சுத்தியலும் கையுமாக அலைந்தபோது எங்களை யாரும் மதித்ததில்லை. ஆடு மேய்க்கும் ஆயா ஒருத்தி விசாரிப்பாள்: "என்ன தம்பி, தண்ணி பாக்குறீங்களா?"

"கல்லு பாக்குறோம் ஆயா. இங்க முன்னாடி கடல் இருந்துச்சு."

குடிதண்ணீருக்கே குடத்தோடு நெடுந்தூரம் நடக்கிற ஊரில் இப்படிப் பேசினால் சிரிக்காமல் என்ன செய்வாள்?

ஆனால் கடல் இருந்தது. இன்றைய கரைக்கு மேற்கே 80 கிலோமீட்டருக்கும் அதிகமாக உள்ளே வந்து, டைனோசர் காலத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஏறியும் இறங்கியும் கிடந்தது. 1862-இல் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பாறைகளை உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அவர் காலத்தில் செயற்கைக்கோள் படம் இல்லை. எங்கள் காலத்தில் இருந்தும் பயனில்லை: சாதாரண நிலவரைபடமான டோபோ ஷீட் வாங்கவே எத்தனை கையெழுத்து! அந்தச் செயற்கைக்கோள் படம் இன்று ஆடு மேய்க்கும் பையனின் செல்போனிலேயே தெரிகிறது.

எங்கள் பேராசிரியருக்குப் புதைபடிவத்தைவிட அது கிடக்கும் படுகைதான் முக்கியம். சுருண்ட அம்மோனைட்டை ஆசையாக எடுத்துக்கொண்டு போனால், "எந்த அடுக்கு?" என்பார். பதில் இல்லையென்றால் தூக்கிப் போடச் சொல்லிவிடுவார். காரையின் களிமண் அலையடங்கிய ஆழத்தில் படிந்தது. கருடமங்கலத்துச் சிப்பிப் பாறை அலை புரட்டிச் சேர்த்த ஆழமில்லாக் கடல். கல்லங்குறிச்சியில் தடித்த ஓட்டுச் சிப்பிகள். மேலே கல்லமேட்டுக்குப் போனால் டைனோசர் எலும்பு. அதற்குள் கடல் விலகி ஆறு வந்துவிட்டது. களிமண்மேல் மணல் ஏறினால் கரை நெருங்குகிறது, மணல்மேல் களிமண் ஏறினால் கரை விலகுகிறது. இடையில் முறிவில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் படிவச் சூழல்கள் ஒரு காலத்தில் அக்கம்பக்கமாக இருந்தவை என்று யோஹன்னஸ் வால்தர் 1894-இல் சொன்னதை வெயிலில் நின்று மனப்பாடம் செய்தோம்.

சாத்தனூர்க் கல்மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 18 மீட்டர் நீளம், எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் உலகுக்குச் சொன்னது. வருகிறவர்கள் எல்லாம் அங்கே காடு இருந்ததாக நினைத்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். மரம் கிடப்பதோ கடல் படிவத்தில். வேறெங்கோ வளர்ந்து, ஆற்றோடு வந்து, கடலில் மூழ்கிய மரம் அது. மரத்தை மட்டும் பார்த்தால் காடு, சுற்றியுள்ள பாறையையும் பார்த்தால் கடல்.

இப்போது அரியலூரில் கடலைப் பற்றிச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. வாரணவாசியில் அருங்காட்சியகமே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அம்மோனைட் என்று பிசகாமல் உச்சரிக்கிறார்கள். வரவேற்பறைக் கண்ணாடி அலமாரிகளில் அது நடராஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அடுக்குகளைத்தான் காணவில்லை. கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் சிமென்ட். அது லாரி லாரியாகப் போகிறது. நன்றி கெட்டுப் பேசக்கூடாது, சுரங்கம் வெட்டிய சுவர்களில்தான் நாங்கள் நல்ல குறுக்குவெட்டுகளைப் பார்த்தோம். பார்த்த சுவர் அடுத்த ஆண்டு இருக்காது, அவ்வளவுதான். சுண்ணாம்புக்கு மேலே கிடக்கும் களியும் மணலும் கம்பெனிக் கணக்கில் கழிவு. அள்ளி ஒரு பக்கமாகக் குவித்துவிடுகிறார்கள். கோடி ஆண்டுகளாக வரிசை குலையாமல் இருந்தவை மேலும் கீழுமாகப் புரண்டு, ஒரு மழை பெய்ததும் அந்த மேட்டிலிருந்து அழகழகான புதைபடிவங்கள் கழுவி வெளியே வருகின்றன. சேகரிப்பவர்களுக்குக் கொண்டாட்டம்.

சமீபத்தில் ஒரு ஆய்வு மாணவன் ஓர் அம்மோனைட்டை என்னிடம் நீட்டினான். உள்ளங்கை அளவு, ஒரு கீறல் இல்லை. செல்போனைக் காட்டியதும் அது பேரினப் பெயரையே சொல்லிவிட்டது.

"எந்த அடுக்குப்பா?"

"லொகேஷன் பக்காவா இருக்கு சார். மூணு மீட்டர் கூடத் தப்பாது."

வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். புள்ளி அந்தக் கழிவு மேட்டின் உச்சியில் இருந்தது.