நிறுவப்படாத தரவுத்தளம்: வன்னிச் சான்றுகளை முன்வைத்து ஒரு மீளாய்வு

மேசைக் கணினியில் மைஎஸ்கியூஎல் ஏன் ஏறமறுக்கிறது என்ற வினா இதுவரை முறையாக ஆராயப்படவில்லை. திருத்தியவர் பலர், ஆராய்ந்தவர் எவருமிலர். எட்கர் கொட் 1970இல் வெளியிட்ட பதினொரு பக்கக் கட்டுரை தொடர்புசார் தரவுத்தளம் என்ற துறையையே தொடக்கிவைத்தது. இன்றைய ஆய்வேடுகளில் நன்றியுரையே சிலவேளை அதைவிட நீளம். ஆயினும் நிறுவல் தோல்வி பற்றிக் கொட் வாய்திறக்கவில்லை. ஆய்வு இடைவெளி என்று அறிஞர் சொல்வது இதைத்தான்.

ஆய்வெல்லை: வடக்கே ஆனையிறவு, தெற்கே வவுனியா, கிழக்கே முல்லைத்தீவுக் கடல். மேற்கெல்லையில் கருத்து வேறுபாடு உண்டாகையால் அது விடப்பட்டது. ஆய்வுப்பொருள்: உயர்தரத்துக்குத் தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் எடுத்த பிள்ளை, சேவை தொடங்கவில்லை என்ற பெட்டியின் முன் கன்னத்தில் கைவைத்திருக்கும் நிலை.

தோல்வி நால்வகைப்படும்.

பெயர்த்தோல்வி: கணினிக்குத் தமிழ் எழுத்தில் பெயர் வைத்தால் சில பதிப்புகள் இடறும்; மொழிப்பற்றாளர் மன்னிக்க.

மின்தோல்வி: நிறுவும்போது கரண்ட் போவது. நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்த 2022 மார்ச் இறுதியே இதன் பொற்காலம்.

வாயில்தோல்வி: இது குடும்பத் தகராறு. மைக்கேல் விடேனியஸ் மைஎஸ்கியூஎலுக்கு மூத்த மகள் மையின் பெயரையும், பின்னர் தொடங்கிய மரியாடிபிக்கு இளைய மகள் மரியாவின் பெயரையும் வைத்தார். இரண்டும் வழக்கமாக 3306 என்ற ஒரே போர்ட்டில்தான் காத்திருக்கும். டியூஷனுக்காக முன்னரே ஏற்றிய சாம்ப் தொகுப்புக்குள் 2015 முதல் இருப்பது மரியா. அவள் வாசலை மறித்து நிற்கையில் அக்கா உள்ளே நுழைவதெப்படி? ஒருத்தியை 3307க்கு அனுப்பினால் தீரும். எவளை என்பதில் இருதரப்பும் பேசிக்கொள்வதில்லை (பாண் சுற்றிய தாள், எண்ணெய்க் கறைக்குக் கீழ்).

வினைத்தோல்வியே இவ்வாய்வின் உயிர்நிலை. மென்பொருளை நீக்கி மீண்டும் ஏற்றினால் புதுப்பிறவி என்பது பாமரர் கொள்கை. தரவு அடைவையும் அழி என்று தனியே சொல்லாவிடில் அது சி டிரைவில் புரோகிராம்டேட்டாவுக்குள் அப்படியே கிடக்கும். விண்டோஸ் அந்த அடைவைக் கண்ணுக்குக் காட்டாது: இது மாயை. பழைய பாஸ்வேர்ட் மறுபிறவியிலும் தொடர்ந்துவந்து 1045 என்ற பிழையாய்க் கதவடைக்கும்: இது கன்மம். கரண்ட் போன நேரத்தில் பாதியாய்ப் பிறந்த கோப்புகளும் அங்கேயே தங்கும்; அடைவு வெறுமையாக இல்லை என்று சொல்லி மென்பொருள் தொடக்கச் சடங்கையே கைவிடும். ஆக, மின்தோல்வி வினைத்தோல்வியின் முற்பிறவி என்பது பெறப்படும் (கிளிநொச்சி, போட்டோக்கொப்பிக் கடைப் பற்றுச்சீட்டு, பின்புறம், இரண்டாம் வரி, முதல் வரி கோழித்தீன் கணக்கு).

மும்மலங்களில் எஞ்சிய ஆணவம் எங்கே என்று பரபக்கத்தார் கேட்பர். அது கணினிக்கு வெளியே, கதிரையில் இருக்கிறது. அதன் குரல் தொலைபேசியில் வரும்: “தம்பி, ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணிப் பாரும்.” ரீஸ்டார்ட் பண்ணியாயிற்று என்றால், “அப்ப விண்டோஸை அடிச்சுவிடும்” என்று முத்தியே அருளப்படும் (வாய்மொழி, அண்ணனின் சிநேகிதன் கூற அவர் மச்சான் கேட்டது, மச்சான் மறுக்கிறார், மறுப்புரை அச்சில்).

இங்கே ஓர் இடர்ப்பாடு. தரவு அடைவுக்குள், கணினியின் பெயரோடு, பிழைப்பதிவுக் கோப்பொன்று இருக்கிறது. நோட்பேடில் திறக்கும். தோல்விக்கான காரணம் பெரும்பாலும் கடைசிச் சில வரிகளிலேயே கிடக்கும். மேற்கண்ட உரையாசிரியர்களுள் எவரும் அதைத் திறந்ததாகச் சான்றில்லை. மூலத்தைத் தொடாமல் உரைக்கு உரையெழுதும் இம்மரபைக் கணினித்துறை எங்கிருந்து கற்றதென்று கலைப்பீடத்தார் ஆராயலாம்.

வாயில்தோல்வியில் அக்கோப்பு, 3306இல் வேறொரு சேவையகம் ஏற்கெனவே ஓடுகிறதா என்று வெளிப்படையாகவே கேட்கிறது. கேள்விக்குறியில் முடியும் வாக்கியத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது என்பது ஒரு சாரார் வாதம். அவ்வரியே இடைச்செருகல் என்பது மறுசாரார் வாதம். இரண்டையும் நிறுவும் கட்டுரைகள் தயாராகின்றன. தரவுத்தளம் இன்னும் ஏறவில்லை.