திட்டு வாங்கினால் ஆயுசு கெட்டி

நாற்பது வயதுக்கு மேல் சைக்கிள் வாங்கினால் கூடவே அறிவுரையும் வந்து சேரும். மாடி வீட்டு மாமாவில் தொடங்கி பஞ்சர் கடைப் பையன்வரை எனக்குச் சொன்னது ஒன்றே: "ஓரமாப் போங்க சார்." வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகிறவனிடம் இதைவிட ஆபத்தான யோசனையை விரோதிகூடச் சொல்லமாட்டான்.

ஓரத்தில் என்னதான் இருக்கிறது? ரோட்டைவிட நாலு விரற்கடை தாழ்ந்த மேன்ஹோல் மூடி. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிக் குவித்த மண். மண்ணுக்குக் காவலாக ஒரு கம்பு, கம்பில் கட்டிய சிவப்புத் துணி. இளநீர் வண்டி, அதைச் சுற்றி இளநீர் குடிக்கிறவர்கள். அப்புறம், யூ டர்ன் தூரமாக இருப்பதால் எதிர்த்திசையில் வரும் பைக்குகள். கேட்டால், "ஓரமாத்தானே சார் வர்றோம்" என்பார்கள். நியாயம்தான். அவர்களும் நானும் ஒரே ஓரத்துக்குப் பாத்தியதை கொண்டாடுகிறோம். வித்தியாசம், அவர்களிடம் ஹாரன் இருக்கிறது.

இதையெல்லாம் தாண்டினால் நிறுத்திவைத்த கார்கள். நிற்கிற கார் சாது என்று நம்பிவிடக் கூடாது. உள்ளே போன் பேசிக்கொண்டிருப்பவர் பேச்சு முடிந்த வேகத்தில் கதவைத் தள்ளினால், ஒரு மீட்டர் அகலத்துக்கு இரும்பு வந்து குறுக்கே நிற்கும். நெதர்லாந்தில் இதற்கு ஒரு பழக்கம் உண்டு. கதவுக்குத் தூரமாக உள்ள கையால் திறப்பார்கள். நம் ஊர் டிரைவர் என்றால் இடக்கையால் திறக்க வேண்டும். அப்போது உடம்பு தானாகத் திரும்பும், பார்வை பின்னால் போகும், சைக்கிள்காரன் தெரிவான். நம்மவர்களுக்குச் சிரமம், இடக்கையில்தான் போன் இருக்கிறது. ஆகவே கார் வரிசையிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளியே மிதிக்கிறேன். "ரோடு என்ன உங்கப்பன் வீட்டுதா?" என்று பின்னாலிருந்து குரல் வரும். கேட்கச் சந்தோஷமாக இருக்கும். திட்டுகிறவன் என்னைப் பார்த்துவிட்டான். பார்த்தவன் இடிப்பது அபூர்வம்.

பஸ் விஷயம் வேறு. 12 மீட்டர் நீளம். சிக்னலில் நிற்கும்போது அதன் இடப்பக்கத்துக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் கிடைக்கும் சந்து, சொர்க்கவாசல் திறந்த மாதிரி இருக்கும். சொர்க்கவாசலேதான். பஸ் இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு அந்தச் சந்தையே துடைத்துவிட்டுப் போகும். டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் சீட்டிலிருந்து பார்த்தால் அங்கே நான் இருப்பதே தெரியாது. எனவே ஒரு விதி வைத்திருக்கிறேன். பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் எனக்குத் தெரியவில்லையா, என் முகம் அவருக்கும் தெரியவில்லை. பின்னாலேயே நின்று, புகையை வாங்கிக்கொண்டு, முழுசாக ஆபீஸ் போய்ச் சேரலாம்.

திரும்புமுன் கை காட்ட வேண்டும் என்பதும் நல்ல விதிதான். விஜயநகர் சிக்னல் பக்கம் இடக்கையை நீட்டினேன். ஒரு ஷேர் ஆட்டோ சடாரென்று நின்றது.

"கிண்டி, கிண்டி! ஏறுங்க சார்."

"சைக்கிள்ல இருக்கேம்பா."

"மேல கட்டிக்கலாம் சார்."

அப்பா காலத்தில் ராத்திரி லைட் இல்லாமல் சைக்கிளில் போனால் போலீஸ் பிடிக்கும். டபுள்ஸ் போனாலும் பிடிக்கும். அதற்காகவே டைனமோ. டயரில் உரசி எரியும், சக்கரம் நின்றால் அணையும். லாரிக்கு வழிவிட்டு இருட்டில் நிற்கும்போது, வெளிச்சம் அவசியப்படுகிற அந்த நேரம் பார்த்து, விளக்கு ஓய்வெடுத்துக்கொள்ளும். இன்று வண்டிகள் பெருத்துவிட்டன, சைக்கிளில் லைட் எங்கே என்று கேட்கத்தான் ஆளில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் கணக்கில் சைக்கிள் மோட்டார் வாகனமே அல்ல. லைசென்ஸும் வேண்டாம், இன்ஷூரன்ஸும் வேண்டாம். யாரும் கேட்காமலே ஹெல்மெட் போடுகிறேன். ஆனால் காரின் வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நாலு மடங்காகும் என்ற கணக்கு ஹெல்மெட்டுக்கும் தெரியும். இடிபட்டுத் தப்பிப்பதைவிட முன்கூட்டியே கண்ணில் பட்டுத் தொலைப்பது மேல்.

இதை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறவர் எங்கள் தெருவுக்குச் சிலிண்டர் போடுகிறவர். கேஸ் மட்டும் 14.2 கிலோ, சிலிண்டரின் எடையையும் சேர்த்தால் 30 கிலோவை நெருங்கும். கேரியருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று தொங்கும். அவர் ஓரமாகப் போகிறவரே அல்ல. தனக்கென்று ஓர் இடம் எடுத்துக்கொண்டு, வளையாமல், ஒரே வேகத்தில் போகிறார். தண்ணி லாரிகூட ஒதுங்குகிறது. சிலிண்டர் மேல் உள்ள பயம் பாதி. அடுத்த நொடி அவர் எங்கே இருப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பது மீதிப் பாதி.

சிலிண்டர் கட்டிக்கொள்ள வீட்டில் சம்மதிக்கவில்லை. பதிலாக, ஒளிரும் பட்டை தைத்த பச்சை ஜாக்கெட் வாங்கிப் போட்டுக்கொண்டேன். பலன் உடனே தெரிந்தது. சிக்னலில் பைக்காரர் ஒருவர் உரசுகிற மாதிரி வந்து நின்று, "சார், அந்தக் குழியை எப்ப மூடப்போறீங்க?" என்றார். எந்த இலாகா ஆள் என்று நினைத்தாரோ.

"அடுத்த வாரம்" என்றேன்.

"போன மழைக்கும் இதையேதான் சொன்னீங்க" என்று பிடித்துக்கொண்டார். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் சேர்ந்துகொண்டார். பக்கத்துக் காரின் கண்ணாடி இறங்கியது. பச்சை விழுந்ததும் மூவரும் எனக்கு இடம்விட்டு, சுற்றிக்கொண்டு, திட்டிக்கொண்டே போனார்கள். மாலையும் கழுத்துமாக மேடையில் நின்ற நாளுக்குப் பிறகு இத்தனை பேர் என்னைக் கவனித்தது அன்றுதான்.