இன்னும் அமையாத குழுமத்துக்கு அதிராம்பட்டினத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: உறுப்பினர் செயலர் அவர்கள், காவிரிப் படுகையின் குடியிருப்பு வளர்ச்சியையும் போக்குவரத்தையும் ஒருசேரக் கவனிப்பதற்கென இனிமேல் அமைக்கப்படக்கூடிய குழுமம், முகவரி பின்னர் அறிவிக்கப்படும்.

பொருள்: தஞ்சாவூர் மாவட்டம், பட்டுக்கோட்டை வட்டம், அதிராம்பட்டினம் நகராட்சியும் சுற்றுப்புறமும் – மண்டலத் திட்டம் – ஏற்கெனவே அச்சிட்டு விநியோகிக்கப்பட்டுள்ள வரைவை அரசிதழில் வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

முகவரியில்லாத ஓர் அலுவலகத்துக்கு இவ்விண்ணப்பம் அனுப்பப்படுவதற்குக் காரணம், முகவரியுள்ள அலுவலகங்கள் அனைத்தும் தத்தம் கடமையைக் குறைவின்றிச் செய்துவருவதே ஆகும். ரயில் எத்தனை மணிக்கு அதிராம்பட்டினத்தைக் கடக்க வேண்டும் என்பதைத் தென்னக ரயில்வேயின் திருச்சிராப்பள்ளிக் கோட்டமும், பேருந்து எந்தத் தடத்தில் ஓட வேண்டும் என்பதை அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணத் தலைமையகமும், கிழக்குக் கடற்கரைச் சாலையை நெடுஞ்சாலை அதிகாரிகளும், வயல் எப்போது மனையாகலாம் என்பதை நகர் ஊரமைப்பு இயக்ககமும் மாவட்ட ஆட்சியரும், அவ்வயலுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் இனி எங்கே போக வேண்டும் என்பதை நீர்வளத் துறையும், அந்தத் தண்ணீர் தெருவுக்குள் வந்து நின்றுவிட்டால் அதை நகராட்சியும் பார்த்துக்கொள்கின்றன. எந்த அலுவலகத்தின் படியேறிக் கேட்டாலும் ‘அது எங்கள் வரம்பில் வராது’ என்னும் விடை கிடைக்கிறது என்பதும், அவ்விடை ஒவ்வொரு முறையும் சட்டப்படி முற்றிலும் சரியானது என்பதும் பாராட்டுக்குரியவை. சென்னைக்கு மட்டும் இந்த நிம்மதி வாய்க்கவில்லை. பேருந்து, மின்சார ரயில், மெட்ரோ ஆகியவற்றை ஒரே மேசையில் வைத்துப் பேசுவதற்காக 2010ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின் கீழ் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் அங்கே அமைக்கப்பட்டு, ஆண்டுகள் பல கழிந்து செயல்படவும் தொடங்கிவிட்டது. அத்தகைய தொந்தரவு ஏதும் படுகைக்கு இதுவரை நேரவில்லை.

அதிராம்பட்டினம் வளர்கிறதா என்னும் ஐயம் குழுமத்துக்கு எழலாம். அதைத் தீர்ப்பதற்கு அரசிடம் உள்ள கருவி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அக்கணக்கு 2011இல் இவ்வூருக்கு முப்பதாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட தொகையைக் கொடுத்தது. 2021இல் எடுக்கப்பட வேண்டிய கணக்கு தள்ளிப்போய் 2027க்கு என அறிவிக்கப்பட்டுள்ளதால், இடைப்பட்ட காலத்தில் பிறந்தவர்களும் குடிவந்தவர்களும் வளைகுடாவில் உழைத்து இங்கே மாடி எழுப்பியவர்களும் திட்டமிடலின் கண்களுக்கு இன்னும் பிறக்கவில்லை. எனினும் கணக்கில் வளராத இந்த ஊர் 2021இல் பேரூராட்சி நிலையிலிருந்து நகராட்சியாக உயர்த்தப்பட்டது. பெயர்ப்பலகை உடனே மாறியது. வடிகால் தன் பழைய தகுதியிலேயே தொடர்கிறது.

விண்ணப்பத்தின் மையப் பொருளுக்கு வருமுன் ஒரு சொல்லை விளக்க வேண்டியுள்ளது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 பல அடுக்குகளாகத் திட்டங்களை வகுக்கிறது: ஒரு நகருக்கும் அதன் புறநகருக்கும் உரியது முழுமைத் திட்டம், அதனுள் ஒரு பகுதிக்கு உரியது விரிவான வளர்ச்சித் திட்டம், இவற்றுக்கெல்லாம் மேலே பல ஊர்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட வயல்களையும் ஒரே பரப்பாகக் கருதி எங்கே வீடு, எங்கே பயிர், எங்கே சாலை, எங்கே நீர்வழி என்று சொல்வது மண்டலத் திட்டம். இச்சட்டம் வந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு மாநிலம் முழுவதையும் 12 மண்டலங்களாகப் பிரித்து அத்தகைய திட்டங்கள் தயாரிக்கப்படும் என அரசு அறிவித்தது. அரசின் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கும் காலத்தில், படுகைக்கான மண்டலத் திட்டம் தனியார் கைகளால் எப்போதோ எழுதி முடிக்கப்பட்டுப் பல பதிப்புகள் கண்டுவிட்டது என்பதைக் குழுமத்தின் கவனத்துக்குக் கொண்டுவருவதே இவ்விண்ணப்பத்தின் நோக்கம். மனை விற்போர் பேருந்து நிலையத்திலும் தொழுகை முடிந்து மக்கள் வெளிவரும் வாசலிலும் திருமண மண்டபத்திலும் கொடுக்கும் பளபளப்பான நோட்டீசே அந்த ஆவணம்.

இதை மிகை என்று ஒதுக்குவதற்கு முன் நோட்டீசை ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நலம். முன்பக்கத்தில் அகலமான தார்ச்சாலையும் இருபுறமும் இந்த மண்ணில் முளைக்காத ஏதோ ஒரு மரவகையும், அவற்றின் நடுவே சிரித்தபடி நிற்கும் ஒரு குடும்பமும் உள்ளன. பின்பக்கத்தில் மனைகள் எண்ணிடப்பட்ட வரைபடம். விற்றவை சிவப்பிலும் விற்காதவை பச்சையிலும், மூலை மனைகள் தனி விலையிலும் காட்டப்பட்டுள்ளன. அதன் கீழே பேருந்து நிலையம் 5 நிமிடம், ரயில் நிலையம் 7 நிமிடம், கிழக்குக் கடற்கரைச் சாலை மிக அருகில், பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் அனைத்தும் மிக அருகில், 30 அடிச் சாலை, சுவையான நிலத்தடி நீர், எளிய தவணை, முதலில் பதிவு செய்வோருக்குத் தங்க நாணயம் என்னும் விவரங்கள் வரிசையாக வருகின்றன. (‘மிக அருகில்’ என்பது மனை வணிகத்தில் வழங்கும் ஒரு நீட்டலளவை, அதன் நீளம் வாங்குபவரின் பொறுமையைப் பொறுத்தது.) குடியிருப்பையும் பேருந்தையும் ரயிலையும் பள்ளியையும் நிலத்தடி நீரையும் ஒரே தாளில் ஒன்றோடொன்று தொடர்புபடுத்திப் பேசும் வேறோர் ஆவணம் இப்பகுதியில் எந்த அலுவலகத்திலும் தென்படாத நிலையில், ஒருங்கிணைந்த திட்டமிடல் என்னும் கொள்கையை உண்மையில் கடைப்பிடிப்பவர் மனைத் தரகர் ஒருவரே என்னும் முடிவுக்கு வருவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த வரைவின் மற்றொரு சிறப்பு, அது சட்டத்தோடு எங்கும் மோதுவதில்லை என்பதாகும். 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் தஞ்சாவூர் மாவட்டத்தையும் உள்ளடக்கியது. எண்ணெய், எரிவாயு ஆய்வு, இரும்பு, தாமிரம், அலுமினிய உருக்காலைகள், தோல் பதனிடும் தொழிற்சாலை, கப்பல் உடைக்கும் தொழில் போன்றவை அதன் தடைப்பட்டியலில் உள்ளன. வயலில் கப்பல் உடைக்க எண்ணியிருந்த எவரேனும் இருந்தால் அவரை அச்சட்டம் உறுதியாகத் தடுத்து நிறுத்திவிட்டது. வயலில் சுண்ணாம்பு பூசிய கல் நட விரும்புவோரைப் பற்றி அப்பட்டியல் ஒன்றும் சொல்லவில்லை. நஞ்சையை மாற்றுவதற்கு வேறு விதிகளின்படி ஆட்சியரின் இசைவும் வேளாண் துறையின் கருத்தும் தேவைதான். ஆயினும் கல்லணைக் கால்வாயின் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராத ஆண்டுகள் சில தொடர்ந்தால் வயல் தரிசாகிவிடும், தரிசாகிவிட்ட நிலத்தைப் பயிர்நிலம் என்று வாதிட ஆளிருக்காது. 1934இல் திறக்கப்பட்ட அக்கால்வாயின் கடைசி மதகுக்குத் தண்ணீர் தராத துறையும், அதனால் மனையான நிலத்துக்கு ஒப்புதல் தந்த துறையும் ஒன்றையொன்று ஒருபோதும் சந்திக்காமலேயே ஒரே வேலையைக் கூட்டாக முடித்திருப்பதில் துறைகளிடையே ஒத்துழைப்பில்லை என்னும் குற்றச்சாட்டு அடிபட்டுப் போகிறது. ஒப்புதலே பெறாமல் விற்ற மனைகளுக்கும் கதவு மூடப்படவில்லை: சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் அவற்றின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்ததும், 2016 அக்டோபர் 20க்கு முன் உருவானவற்றைக் கட்டணம் பெற்று முறைப்படுத்தும் திட்டம் 2017இல் வந்தது. முதலில் ஊர், பிறகு வரைபடம் என்னும் இந்த வரிசையைத் தமிழகம் தன் சொந்த அனுபவத்தால் கண்டுபிடித்தது.

கடற்கரைக்கு இணையாக ஓடும் சாலையும் தண்டவாளமும் நிலத்தின் சரிவுக்குக் குறுக்கே கிடக்கின்றன. ஆகவே மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வடியும் ஒவ்வொரு வாய்க்காலும் கடலை அடைய ஒரு பாலத்துக்கோ மதகுக் குழாய்க்கோ கீழே நுழைந்தாக வேண்டும். அந்த வாய் எதற்கு எதிரே திறக்கிறது என்பதைப் பார்க்காமல் அதன் முன்னே மண்ணடித்து மேடாக்கிய மனைப்பிரிவு, ஐப்பசி மழையில் தன் பெயர்ப்பலகையில் உள்ள ‘நகர்’ என்னும் பின்னொட்டை ‘ஏரி’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

ரயிலைப் பற்றி நோட்டீசு சொல்லும் ‘7 நிமிடம்’ நிலையத்துக்குப் போகும் நேரம் மட்டுமே. நிலையத்தில் ரயில் வரும்வரை காத்திருக்கும் காலம் அதில் அடங்காது. மீட்டர் கேஜ் காலத்தில் சென்னையிலிருந்து காரைக்குடிக்குக் கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடிய இத்தடத்தில், 2012 அக்டோபரில் திருவாரூர்–பட்டுக்கோட்டைப் பகுதி அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டு, 2019 ஜூனில் மீண்டும் திறக்கப்பட்டது. அகலப்பாதையாக்கம் என்பது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டராக இருந்த இடைவெளியை 1.676 மீட்டராக விரிக்கும் பணி. விரிந்த அளவை ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் வேகத்தில் அப்பணி முன்னேறியிருப்பது புலனாகும். திறந்த பின்னர்தான் வழியிலுள்ள கேட்டுகள் பலவற்றுக்குக் காவலர் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அதற்குக் கண்ட தீர்வு தனியாக ஆராயத் தக்கது. கேட் கீப்பர்கள் ரயிலிலேயே பயணம் செய்தனர். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் ரயில் நிற்கும். முன்பெட்டியில் இருப்பவர் இறங்கிப் போய்க் கேட்டை மூடிவிட்டுக் கொடி காட்டுவார். ரயில் மெல்ல ஊர்ந்து கடந்து அப்பால் மறுபடி நிற்கும். பின்பெட்டியில் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வார். பிறகு அடுத்த கேட். திருவாரூரிலிருந்து காரைக்குடி வரையுள்ள 149 கிலோமீட்டரை இவ்வாறு கடக்கச் சுமார் ஆறு மணி நேரம் பிடித்தது. புறப்படும் ஊர் ஆழித்தேருக்குப் பேர்போனதாகையால், சக்கரத்துக்குக் கட்டை போடுவோர் சூழ நின்று நின்று நகரும் முறையை ரயில்வே அங்கிருந்தே கற்றிருக்கக்கூடும். பின்னர் கேட்டுகளுக்கு ஆள் போடப்பட்டதும், 2023 ஏப்ரலில் தாம்பரம்–செங்கோட்டை விரைவு ரயிலும் 2025 ஏப்ரலில் தாம்பரம்–இராமேசுவரம் விரைவு ரயிலும் இவ்வழியே விடப்பட்டதும் நியாயமாகச் சொல்லப்பட வேண்டியவை. தொலைவூர் போவோருக்கு அவை பயன்படும். காலையில் பட்டுக்கோட்டைக்கோ தஞ்சாவூருக்கோ வேலைக்கும் படிப்புக்கும் போய் மாலையில் திரும்புவோருக்கு, அதாவது புதிய மனைகளில் உண்மையில் குடியேறுவோருக்கு, பேருந்தும் இருசக்கர வாகனமுமே கதி.

தஞ்சாவூர்–பட்டுக்கோட்டைப் புதிய பாதை ரயில்வே பட்ஜெட்டில் இடம்பெற்றும் தண்டவாளமாக மாறவில்லை. ஒரு பாதைக்குப் போடும் முதலில் ஆண்டுதோறும் எத்தனை விழுக்காடு திரும்பும் என்னும் கணக்கு வருவாய் விகிதம் எனப்படும். நெடுங்காலம் 14 விழுக்காடு தேறாத பாதைகள் லாபமற்றவை எனக் கருதப்பட்டன. பயணச்சீட்டும் சரக்குக் கட்டணமும் மட்டுமே இதில் வருவாயாக எண்ணப்படுகின்றன. ரயில் வரும் என்னும் வதந்தி மட்டுமே கிளம்பியவுடன் பாதையோர மனையின் விலை ஏறுவது அக்கணக்கில் வருவதில்லை. அது தரகரின் கணக்கில் வருகிறது. ஹாங்காங்கில் மெட்ரோ நிறுவனம் நிலையத்தின் மீதும் அருகிலும் கட்டடம் எழுப்பும் உரிமையைத் தானே பெற்று, நில மதிப்பின் உயர்வைக் கொண்டு பாதை போடுகிறது. கோபன்ஹேகன் 1947இல் வகுத்த ‘விரல் திட்டம்’ இன்னும் ஒரு படி மேலே போய், நகரம் ரயில் பாதைகளை ஒட்டி விரல்களைப் போல நீளலாம், விரலிடுக்குகளில் வயலும் காடும் அப்படியே கிடக்க வேண்டும் என்று விதித்தது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி என்று நிலையங்கள் ஒரே கோட்டில் அமைந்த இப்பகுதியில் அத்தகைய விரல் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. இடுக்குகள்தாம் வேகமாக விற்றுத் தீர்கின்றன.

இவற்றையெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று குழுமம் தள்ளிவிட முடியாதபடி உள்ளூர்ப் பழைய ஏடுகள் குறுக்கே நிற்கின்றன. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, 1878 முதல் நிலவரியின் மீது ரூபாய்க்கு மூன்று பை வீதம் கூடுதல் வரி பிரித்து, அந்தப் பணத்தில் ரயில் பாதை போட்டது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894இல் ரயில் ஓடியது. 1902இல் பட்டுக்கோட்டையையும் 1903இல் அறந்தாங்கியையும் அது தொட்டது. அதிராம்பட்டினம் அந்த நீட்சியில் வந்த ஊர். ரயிலை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி, பாதை போர்டின் சொத்து. நிலம் வைத்திருப்போரிடம் வரி வாங்கி, அந்நிலத்துக்கு மதிப்புக் கூட்டும் பாதையை அமைக்கும் அதிகாரமும் துணிவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒரு ஜில்லா போர்டுக்கு இருந்தன. இன்றைய நகராட்சிக்கு, ரயில் வரும் நேரத்தோடு ஒரு மினிபஸ்ஸின் நேரத்தை ஒட்டவைக்கும் அதிகாரம்கூட இல்லை. விரிவாக்கப்பட்ட மினிபஸ் திட்டம் 2025 ஜூனில் தஞ்சாவூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது என்பது இங்கே ஒரு கூடுதல் தகவல்.

எனவே குழுமம் அமைந்த நாளன்றே, மேற்படி நோட்டீசைக் காவிரிப் படுகையின் வரைவு மண்டலத் திட்டமாக அரசிதழில் வெளியிட்டு, அதில் ‘மிக அருகில்’ என்று குறிக்கப்பட்ட ஒவ்வொன்றையும் அந்தத் தொலைவுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பை உரிய துறைகளிடம் பிரித்துக் கொடுக்குமாறு வேண்டப்படுகிறது. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வழங்கும் கோப்பில் அப்ரூவல் எண்ணுக்குக் கீழே பேருந்துத் தட எண்ணும், வடிகாலின் பெயரும், அது எந்தப் பாலத்தின் கீழே போகிறது என்னும் குறிப்பும் கட்டாயமாக்கப்பட வேண்டும். இதற்கான செலவை ஊரார் தலையில் கட்டுவதில் ஆட்சேபமில்லை. மனை விற்பனைப் பதிவின்மீது பழைய விகிதமாகிய ரூபாய்க்கு மூன்று பை, அதாவது இன்றைய கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடு, வசூலித்துக்கொள்ளலாம். 1878இல் வரி கட்டத் தொடங்கியவர்கள் முதல் ரயிலைப் பார்க்கப் பதினாறு ஆண்டுகள் பொறுத்தார்கள். அதே அவகாசம் குழுமத்துக்கும் வழங்கப்படுகிறது. வரி ரசீதின் பின்பக்கத்தில் தங்க நாணயச் சலுகை எதுவும் அச்சிட வேண்டியதில்லை, காலை 7 மணிக்குப் பட்டுக்கோட்டை போகும் பேருந்தின் தட எண் போதும்.

இப்படிக்கு,
அதிராம்பட்டினம் நகராட்சியின், 2027 வரை எண்ணப்படாத, குடியிருப்போர்