கொட்டேஷன் தாளில் இடைச்செருகல்கள்: ஒரு மூலபாட ஆய்வு

தமிழர்கள் சுவடியோடு மல்லுக்கட்டிய காலம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அண்மையில் கார் வாங்காதவர்கள். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சா. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். நமக்கு அந்த அலைச்சல் இல்லை. ஏ.சி. அறையில் உட்காரவைத்து, காகிதக் கப்பில் காபி கொடுத்து, ஏட்டையும் கையில் தருகிறார்கள். அதன் பெயர் கொட்டேஷன். இடைச்செருகல் மலிந்த இந்த ஒற்றைத்தாள் இலக்கியத்துக்கு ஒரு திருத்தமான பதிப்பு வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சுவடி விவரம். ஏ4 தாள், ஒரு பக்கம். தலையில் ஸ்டேப்ளர் அடித்த விசிட்டிங் கார்டு. அச்சிட்ட தொகைகள் மேல் பால்பாயின்ட் பேனாவால் அடித்துத் திருத்திய பாடபேதங்கள். ஓரத்தில் அவசரமாகப் போட்ட இ.எம்.ஐ. கணக்கு. அடியில் இரட்டை வட்டத்துக்குள் ஒரு தொகை. எழுதியவர் பெயர் உண்டு, கையெழுத்து இல்லை. முதல் வரியிலுள்ள எக்ஸ்-ஷோரூம் விலையே மூலபாடம். வட்டத்துக்குள் இருக்கும் ஆன்ரோடு விலை பிற்காலப் பாடம். நடுவில் வரும் வரிகளில் அரசு இயற்றியவை எவை, ஏடெழுதியவர் கைவரிசை எவை என்று பிரிப்பதுதான் ஆய்வு.

இங்கே அறிஞருலகம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ‘மொத்தம் எவ்வளவு, மாசம் எவ்வளவு கட்டணும்?’ என்று கேட்பவர்கள் தொகைநெறியாளர். ‘இந்த வரி எதுக்கு?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்பவர்கள் பகுப்புநெறியாளர். முன்னவருக்கு இரண்டாவது காபி கிடைக்கும். பின்னவருக்கு மேனேஜர் தரிசனம் கிடைக்கும். இக்கட்டுரையாளன் பின்னவர் கட்சி. இக்கட்சிக்குச் சூத்திரம் ஒன்றே: ரசீது கொடுக்க முடியாத வரி இடைச்செருகல்.

அரசு இயற்றிய வரிகள் கசக்கும், ஆனால் கலப்படம் இல்லாதவை. ஜி.எஸ்.டி. எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்கு மிகாத நீளமும் 1200 சி.சி.க்கு மிகாத எஞ்சினும் கொண்ட பெட்ரோல் காருக்கு 18 விழுக்காடு, பெரிய கார்களுக்கு 40. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வாழ்நாள் வரி தனி: 5 லட்சம் வரை 12 விழுக்காடு, 10 லட்சம் வரை 13, அதற்கு மேல் 18, 20 லட்சத்தைத் தாண்டினால் 20. சன்ரூஃப் ஆசையில் 10 லட்சத்தைத் தாண்டுகிறவர் சன்ரூஃபுக்கு மட்டும் பணம் கட்டுவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அதே கோட்டைத் தாண்டினால் டி.சி.எஸ். என்று ஒரு விழுக்காடு வேறு பிடிப்பார்கள். அது செலவே அல்ல. வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். பலர் அதைக் காருக்குக் கொடுத்த மொய்யாக நினைத்து மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த வரி ‘ஆர்.டி.ஓ. செலவு’. இது தொகுப்பு நூல். வாழ்நாள் வரியையும் பதிவுக் கட்டணத்தையும் பெயர் சொல்ல விரும்பாத பிறவற்றையும் ஒரே தொகையில் கட்டிவிடுவார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி சொந்தக் காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200. கடனில் வாங்கினால் அடமானக் குறிப்பு ஏற்ற 1,500. வாகன் தளத்தில் பணம் கட்டியதற்கான மின்ரசீதில் எல்லாம் தனித்தனியே இருக்கும். அந்த ரசீதைக் கேட்டு வாங்கித் தாளோடு ஒப்பிட்டால் எஞ்சி நிற்பது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஏட்டில் இடைச்செருகலுக்கு மிக வளமான நிலம் இன்சூரன்ஸ். ‘பம்பர் டு பம்பர் சார்’ என்ற ஒரே தொடரில் உரை முடிந்துவிடும். ஆனால் இந்த வரிக்குள் இரண்டு நூல்கள் இருக்கின்றன. ஒன்று மூன்றாம் நபர் காப்பீடு. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்றாண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். இதன் பிரீமியத்தை நிர்ணயிப்பது அரசு. 2022 ஜூனில் வந்த அறிவிப்பில் 1000 சி.சி.க்கு மேல் 1500 வரையுள்ள காருக்கு 10,640 ரூபாய். இதில் பேரம் பேசுவது வீண். மற்றொன்று நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான ஓராண்டுக் காப்பீடு. பேரமெல்லாம் இங்கேதான். சாவி தொலைந்தால், எஞ்சினில் தண்ணீர் புகுந்தால், நட்டு போல்ட்டு போனால் என்று கிளைக்கதைகள் ஒவ்வொன்றாகச் சேரும். சென்னைவாசிக்கு எஞ்சினில் தண்ணீர் புகும் கதை கற்பனையல்ல என்பதால் அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஷோரூம் கொடுக்கும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதே சலுகைகளோடு வெளியே ஒரு விலை கேட்டு, அதைக் கைபேசியில் மேசைமேல் வைத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், ஷோரூம் பிரீமியம் இறங்கிவரும். இன்னொன்று, பழைய காரை விற்றுவிட்டு வருகிறவர் அறிய வேண்டியது. கிளெய்ம் செய்யாமல் ஓட்டிச் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் வண்டியைச் சேர்ந்ததல்ல, ஆளைச் சேர்ந்தது. பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கினால் புதுக் காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 விழுக்காடு வரை குறையும். இந்தப் பாடலை எந்த ஏட்டிலும் நான் பார்த்ததில்லை.

இனி ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’. சில ஏடுகளில் ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்றும், வெட்கம் மிகுந்தவற்றில் ‘இதர’ என்றும் பாடம். இதற்கு ஒரு ஷோரூமில் நிகழ்ந்த உரை விளக்கம் அப்படியே பதிவு செய்யத்தக்கது. கேட்டவர் கணவரோடு வந்திருந்த ஓர் அம்மா.

“தம்பி, இது என்னது ஹேண்ட்லிங்?”

“யார்டுல இருந்து வண்டிய ஷோரூமுக்குக் கொண்டு வர்ற செலவும்மா.”

“மேல ஷோரூம் விலைன்னுதானே போட்டிருக்கீங்க? ஷோரூமுக்கு வராமலே அது எப்படி ஷோரூம் விலை ஆச்சு?”

“கம்பெனி பாலிசிம்மா.”

“சரிப்பா. அப்ப கம்பெனி பேர்லயே ஜி.எஸ்.டி.யோட பில் போட்டுக் குடுத்துரு. கட்டிடறோம்.”

“மேனேஜர் சார்கிட்ட கேட்டுட்டு வந்துடறேன்மா.”

கண்ணாடி அறைக்குள் போன தம்பி திரும்பி வந்தபோது அந்த வரிமேல் பேனாக்கோடு விழுந்திருந்தது. நெடுங்காலமாக மூலம் என்று நம்பப்பட்ட ஒரு வரி ஐந்தே நிமிடத்தில் நீக்கப்பட்டதைப் பார்த்த கணவர், தொகைநெறியாளர், காபியைக் குடிக்கவே மறந்துவிட்டார்.

‘எசென்ஷியல் கிட்’ என்பதும் இந்த வகையே. மேட்டும் மட் ஃப்ளாப்பும் இல்லாமல் டெலிவரி கிடையாது என்பார்கள். மேட்டும் மட் ஃப்ளாப்பும் இல்லாத வண்டியை ஆர்.டி.ஓ. திருப்பி அனுப்பிய வரலாறு இல்லை. டெஃப்லான், செராமிக், அண்டர்பாடி கோட்டிங் ஆகியவை ‘போட்டாச்சு சார்’ என்ற இறந்தகால வினைமுற்றோடு வரும். ஃபாஸ்டேக் வரியில், கொடுக்கும் பணத்தில் எவ்வளவு நம் கணக்கில் இருப்பாக நிற்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

ஓரத்து இ.எம்.ஐ. கணக்கைப் பிற்சேர்க்கை என்று ஒதுக்கிவிடக் கூடாது. ‘ஏழு பர்சன்ட்தான் சார்’ என்றால் ஃப்ளாட் வட்டியா, குறையும் அசலுக்கா என்று கேட்க வேண்டும். 5 லட்சத்துக்கு ஃப்ளாட் 7 விழுக்காட்டில் ஐந்தாண்டு வட்டி 1,75,000, மாதத் தவணை 11,250. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் கணக்கில் இதே தவணை வர வட்டி ஏறத்தாழ 12.5 விழுக்காடாக இருக்க வேண்டும். ஒரே கடன், இரண்டு பாடம். 2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி கடன் கொடுப்பவர் ‘முக்கிய விவர அறிக்கை’ ஒன்றைத் தர வேண்டும். பிராசஸிங் கட்டணம் உள்ளிட்ட எல்லாவற்றையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டிய தாள் அதுதான். பென்சில் வட்டம் போட்டது அல்ல.

நூலின் காலத்தைக் கணிப்பதும் பதிப்பாசிரியர் கடமை. ஜனவரியில் ‘ஸ்பெஷல் ஆஃபர்’ என்று வருவது போன ஆண்டு வைகாசியில் பிறந்து யார்டில் ஆடி வெயிலும் ஐப்பசி மழையும் கண்ட வண்டியாக இருக்கலாம். உற்பத்தி மாதமும் ஆண்டும் ஆர்.சி.யில் ஏறி, விற்கும்போது விலையைத் தின்னும். எனவே 17 எழுத்துச் சேஸிஸ் எண்ணைப் பதிவுக்கு முன்பே கேட்டு, யார்டுக்குப் போய் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்பார்க்க வேண்டும். பதிவு முடிந்த பிறகு செய்யும் ஆராய்ச்சிக்கு மதிப்பெண் கிடையாது.

இடைச்செருகலின் மறுபக்கம் விடுபட்ட பாடல்கள். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. கொட்டேஷனில் அவ்வாறு தொலைந்தவை ‘ஃப்ரீயா போட்டுத் தரேன் சார்’ என்று புக்கிங் அன்று வாய்மொழியாகப் பாடப்பட்ட சீட் கவரும் ஃப்ளோர் மேட்டும். ஏட்டில் ஏறாத பாடல், முன்பணம் கட்டியதும் செவிவழி மரபிலிருந்தும் மறைந்துவிடும். பாடியவரே வேறு கிளைக்கு மாறிவிடுவதும் உண்டு. ஆகவே அவர் பாடும்போதே அவர் பேனாவாலேயே தாளில் எழுதச் சொல்லி, கீழே ஷோரூம் முத்திரையும் வாங்கிவிடுவது நல்லது.

எழுதி வாங்காதவர்களுக்கும் ஒரு கடைசி வாய்ப்பு உண்டு. டெலிவரி நாளன்று ரிப்பன் வெட்டி, பெரிய அட்டைச் சாவியோடு ஃபோட்டோ பிடித்து, அட்டைச் சாவியை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகு, விற்பனைத் தம்பி குரலைத் தாழ்த்துவார்: “சார், கம்பெனில இருந்து ஃபோன் வரும். எல்லாத்துக்கும் பத்துக்குப் பத்து சொல்லிடுங்க சார்.” அப்போது அவசரப்பட்டுத் தலையாட்டாமல், “சொல்லலாம் தம்பி, அந்த ஃப்ளோர் மேட் என்னாச்சு?” என்று கேட்டால், ஸ்டாக் இல்லை என்று மூன்று வாரமாகச் சொல்லப்பட்ட மேட் ஸ்டோர் ரூமிலிருந்து உறை பிரிக்காமல் வெளிப்படுகிறது. சீட் கவரும் வருமா என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது.