வெயில் வேறு, வெக்கை வேறு

(வாசகர் கேள்வி – பதில்)

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சூரியக் கோபுரத்தைப் பற்றியவை. ஆகவே சினிமா, சமையல், அரசியல் கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகின்றன. கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சூரியன் சூடாக்கிய காற்றை உயரமான குழாய்க்குள்ளே ஏற விட்டு மின்சாரம் எடுக்கலாம் என்று டீச்சர் சொன்னா. காற்று ஏன் மேலே ஏறுது?
– தரம் 9 மாணவி, வாழைச்சேனை

பதில்: மகள், நாளைக்குப் பதினொரு மணி வெயிலில் வயல் பக்கம் போய் அண்ணாந்து பாருங்கள். பருந்து ஒன்று சிறகை அடிக்காமலே வட்டமிட்டு வட்டமிட்டு மேலே போகும். அதைத் தூக்கிக்கொண்டு போவது நிலத்திலிருந்து கிளம்புகிற சூடான காற்று. சூடேறினால் காற்று விரியும். விரிந்தால் பாரம் குறையும். சுற்றிலும் இருக்கிற பாரமான காற்று கீழே புகுந்து அதை மேலே தள்ளிவிடும். தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்த தேங்காய், கையை எடுத்ததும் மேலே வருகிறதே, அந்தக் கணக்குத்தான்.

மத்தியானத்துக்குப் பிறகு கல்லடிக் கடற்கரையில் முகத்தில் அடிக்கிற கடற்காற்றும் இதுவே. கரை சூடாகிக் காற்று மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. கோபுரம் கட்டுகிறவர் இதற்கு ஒரு பாதை போட்டுக் கொடுக்கிறார். பரந்த கண்ணாடிக் கூரை வெயிலை உள்ளே விட்டுச் சூட்டைப் பிடித்து வைக்கும். நடுவில் நிற்கிற குழாய் அந்தச் சூடான காற்றை இழுக்கும். குழாயின் அடியில் ஒரு காற்றாடி. நெருப்பு இல்லை, புகை இல்லை, எண்ணெய் இல்லை.

கேள்வி: இது எங்கேயாவது உண்மையில் நடந்ததா, அல்லது புத்தகத்துக் கற்பனையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், களுவாஞ்சிகுடி

பதில்: நடந்தது, ஐயா. ஸ்பெயின் நாட்டில் மன்சனாரஸ் என்ற ஊரில், ஜேர்மனி அரசின் ஆராய்ச்சிப் பணத்தில், 1982 இல் இயங்கத் தொடங்கியது. அமைத்தவர் யோர்க் ஷ்லைக் என்ற ஜேர்மன் பொறியியலாளர். கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றின் மேலே கம்பிகளில் தொங்குகிற இரண்டாவது பாலம் இருக்கிறதே, 1992 இல் திறந்தது, அதை வடிவமைத்ததும் அவருடைய நிறுவனம்தான்.

கோபுரத்தின் உயரம் 195 மீற்றர். நமது பாலமீன்மடு வெளிச்சவீடு 28 மீற்றர். அதைப்போல ஏழு வெளிச்சவீட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். குழாயின் அகலம் 10 மீற்றர். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு 244 மீற்றர் குறுக்களவில் கூரை. அதாவது பதினொரு ஏக்கர் வெயில். கூரையில் ஒரு பகுதி கண்ணாடி, ஒரு பகுதி பிளாஸ்டிக். பிளாஸ்டிக் வெயிலில் பொருபொருத்துக் காற்றில் கிழிந்தது. கண்ணாடி தாக்குப் பிடித்தது. குழாய் வெறும் மெல்லிய தகரம், கம்பி கட்டி நிறுத்தியது. மூன்று வருடம் பரிசோதித்துவிட்டுப் பிரித்துவிடலாம் என்றுதான் கட்டினார்கள். அது ஏழு வருடம் நின்றது. 1986 நடுப்பகுதியிலிருந்து 32 மாதம் நாள்தோறும் மின்சாரம் கொடுத்தது. 1989 இல் கம்பிகளில் துருவேறி, ஒரு புயற்காற்றில் சாய்ந்தது.

அதிலிருந்து கிடைத்த உச்ச மின்சாரம் 50 கிலோவொட். ஐந்து கிலோவொட் சோலர் பூட்டிய பத்து வீட்டுக் கூரைகள் நல்ல வெயிலில் கொடுப்பது அவ்வளவு. இதைச் சொல்லும்போது எனக்கு மனது கனக்கிறது. ஏனென்றால் அந்தக் கோபுரத்தின் படத்தைப் பார்த்தவர் எவரும் அதை நேசிக்காமல் இருக்க முடியாது.

கேள்வி: ஏன் அவ்வளவு உயரம்? குட்டையாகக் கட்டினால் மலிவுதானே?
– காத்தான்குடி வாசகர்

பதில்: செங்கல் சூளைக்காரரையோ அரிசி ஆலைக்காரரையோ கேளுங்கள், புகைபோக்கியை ஏன் உயர்த்துகிறார் என்று சொல்வார். உயரம் இரட்டித்தால் இழுவையும் இரட்டிக்கும். 195 மீற்றருக்கு, குழாய்க்குள் போகிற சூட்டில் நூற்றுக்கு ஒரு பங்குகூட வேலையாக மாறாது. ஒரு கிலோமீற்றர் உயர்த்தினால் மூன்று பங்கு மாறும். கூரையிலும் காற்றாடியிலும் போகிற இழப்பைக் கழித்தால் கடைசியில் கையில் நிற்பது நூற்றுக்கு ஒன்று அளவில்தான். அதனால்தான் அவுஸ்திரேலியாவில் ஒரு கிலோமீற்றர் கோபுரத்துக்குத் திட்டம் போட்டார்கள். கொழும்புத் தாமரைக் கோபுரத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ராஜஸ்தான் பாலைவனத்துக்கும் 1990களில் ஒன்று பேசப்பட்டது. இரண்டும் கட்டப்படவில்லை. சீனாவில் உள் மொங்கோலியாவில் 2010 இல் சிறிதாக ஒன்று கட்டினார்கள், 200 கிலோவொட்.

கேள்வி: படுவான்கரையில் வெயிலுக்குக் குறைவில்லை. எங்கள் பக்கம் ஒரு பெரிய கோபுரம் கட்டினால் மாவட்டத்துக்கே வெளிச்சம் வராதா?
– விவசாயி, கொக்கட்டிச்சோலை

பதில்: அண்ணன், ஆசை நியாயமானது. கணக்கைப் பார்ப்போம்.

200 மெகாவொட் தருகிற ஒரு கிலோமீற்றர் கோபுரத்துக்கு ஷ்லைக் போட்ட கணக்கில் கூரையின் குறுக்களவு 7 கிலோமீற்றர். எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே அவ்வளவு அகலமான நிலம் தேடினாலும் கிடையாது. கடற்கரையில் ஒரு முனையை வைத்தால் மறு முனை வாவியைத் தாண்டி உங்கள் வரம்பில் வந்து நிற்கும். முழுவதும் படுவான்கரையில் வைத்தால் ஒன்பதாயிரம் ஏக்கருக்கு மேலே கண்ணாடிக்குக் கீழே போய்விடும். பெரும்போகம் எங்கே விதைப்பது? மாடு எங்கே மேய்வது? மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் வீதியோரம் உட்கார்ந்து போராடிய மாவட்டம் இது. இங்கே ஒரு ஏக்கரையும் யாரும் இலேசாகக் கேட்கக் கூடாது.

அதே நிலத்தில் சூரியப் பலகை என்ன தரும்? தமிழ்நாட்டில் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016 இல் திறந்த நிலையம் 2,500 ஏக்கரில் 648 மெகாவொட். ஒரு மெகாவொட்டுக்கு நாலு ஏக்கர். அந்தக் கணக்கில் மன்சனாரஸ் கோபுரத்தின் பதினொரு ஏக்கரில் பலகை பதித்தால் மூன்று மெகாவொட்டுக்குக் கிட்ட வரும். ஐம்பது கிலோவொட் எங்கே, மூவாயிரம் எங்கே! நமது வவுணதீவிலேயே 10 மெகாவொட் பலகை நிலையம் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

அடுத்தது புயல். 1978 நவம்பர் 23. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் "புயலுக்கு முன்", "புயலுக்குப் பின்" என்று காலம் சொல்வார்கள். ஆயிரம் பேரளவில் இறந்தார்கள். கரை நெடுகத் தென்னைகள் ஒரே பக்கம் பார்த்துப் படுத்தன. ஸ்பெயினில் கம்பியைத் தின்றது துரு. உப்புக் காற்றில் நமது சைக்கிள் செயினும் கூரைத் தகரமும் எத்தனை மாரி தாங்குகின்றன என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துருவும் புயலும் சேர்ந்து குடியிருக்கிற கரையில் தகரக் கோபுரம் வேண்டாம் என்பது என் தீர்ப்பு.

கேள்வி: கச்சான் காற்று அடிக்கிற நாளில் உடம்பு வேகிறது. இந்த வெக்கை எல்லாம் வீணாகிறதே, இதை மின்சாரமாக்க முடியாதா?
– ஏறாவூர் வாசகி

பதில்: வெயில் வேறு, வெக்கை வேறு, தங்கச்சி. கச்சான் என்பது தென்மேல் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து, மலைச்சரிவில் இறங்கும்போது சூடேறி நம்மிடம் வருவது. ஜூன், ஜூலையில் மட்டக்களப்பில் அது கடற்காற்றையே மடக்கிவிட்டு 38 பாகை வரை கொண்டுபோகும். காலநிலை அறிஞர்களின் சொற்களஞ்சியத்தில் "கச்சான்" என்ற நமது சொல், நமது ஊர்ப் பெயரோடு, இடம்பிடித்திருக்கிறது.

ஆனால் கோபுரத்துக்கு வேண்டியது சூடு இல்லை, சூட்டு வித்தியாசம். உள்ளே உள்ள காற்று வெளியே உள்ளதைவிட எத்தனை பாகை கூட என்பதுதான் இழுவை. மன்சனாரஸில் அது இருபது பாகை வரை போனது. வெளியேயும் வேகிற நாளில் அதனால் லாபமில்லை. பலமான காற்று கூரையைத் தடவிக்கொண்டு போனால் உள்ளே பிடித்த சூட்டையும் அள்ளிக்கொண்டு போகும். சூரியப் பலகைக்கும் வெக்கை ஆகாது. 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு பாகைக்கும் அதன் உற்பத்தி நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கிக்கொண்டே போகும். அதனால் தகரத்தோடு ஒட்டிப் பூட்டாமல், அடியில் காற்றோட ஒரு சாண் இடம் விடச் சொல்லுங்கள்.

கேள்வி: கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுகிறது. அந்தக் கோபுரம் கட்டினால் அதுவும் பாடுமா?
– வாவிக்கரைத் தோணிக்காரர்

பதில்: பாடும், ஆனால் உங்களுக்குக் கேட்காது! போத்தல் வாயில் ஊதினால் சத்தம் வருவதுபோல 195 மீற்றர் குழாயும் அதிரும். அதன் அடிச்சுருதி வினாடிக்கு ஒரு அதிர்வுக்கும் குறைவு. மனிதக் காதுக்கு வினாடிக்கு இருபதாவது வேண்டும். நிலாக் காலத்தில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரிலும் மறு நுனியைக் காதிலும் வைத்து நீங்கள் கேட்கிற அந்தப் பாட்டுக்கு ஈடாக எந்தக் கோபுரமும் வராது.

கேள்வி: கடன் பட்டுக் கூரையில் சோலர் போட்டேன். 2025 புத்தாண்டு நேரம் பகலில் நிறுத்தி வையுங்கள் என்றார்கள். பகலில் வேண்டாம், இரவில் இல்லை. இது என்ன நியாயம்?
– கல்லடி வாசகர்

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. தொழிற்சாலையும் கந்தோரும் பூட்டிய விடுமுறையில் மின்சாரம் எடுக்க ஆளில்லை. வெயில் மட்டும் லீவு போடவில்லை. அதனால்தான் மூன்று மணிவரை நிறுத்தச் சொன்னார்கள். அதே வருடம் பெப்ரவரி 9, ஞாயிறு, பகல் பதினொரு மணியளவில் நாடே இருண்டது நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு என்று தொடங்கிய கதை. பிறகு மின்சார சபை சொன்ன விளக்கம் கவனிக்க வேண்டியது: அந்நேரம் சூரிய மின்சாரத்தின் பங்கு பெரிதாக இருந்தது, கனமான பொறிகள் சுழல்வது குறைவாக இருந்தது. கனமாகச் சுழல்கிற பொறி ஓடுகிற மாட்டுவண்டியைப் போல. ஒரு பள்ளம் விழுந்தாலும் சட்டென்று நிற்காது. பலகைக்கு அந்தக் குணம் தானாக வராது.

கோபுரத்தின் பெருமை இங்கேதான் இருக்கிறது. கூரைக்குக் கீழே கறுப்புக் குழாய்களில் தண்ணீரை நிரப்பி வைத்தால், அது பகலெல்லாம் சூட்டைக் குடித்து இரவெல்லாம் விடும். காற்று இரவிலும் ஏறும், காற்றாடி இரவிலும் சுழலும் என்று ஷ்லைக் சொன்னார். மாலை ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையில்தான் நம் நாட்டுக்கு மின்சாரம் அதிகம் வேண்டும். இப்படியான இரவு நேரத்தை எப்படிச் சமாளிப்பது என்று வெகு முன்பே யோசித்த திட்டம் அது. இன்றைக்கு அந்த வேலையைப் பற்றரி செய்யும். கோபுரம் வேண்டாம், பகலைச் சேர்த்து இரவுக்குக் கொடு என்ற அதன் யோசனை வேண்டும். கூரைக்காரர்களிடம் "நிறுத்து" என்று சொல்வதற்குப் பதிலாக "சேர்த்துவைத்து ஏழு மணிக்குக் கொடு, நல்ல விலை தருகிறோம்" என்று சொல்வதுதான் நியாயம். உங்கள் சங்கத்தின் பெயரில் இதை எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுக் கோபுரம் எல்லாம் பேசுறீங்க. கருவாடு போட்டுப் பிழைக்கிற எனக்கு இதில் என்ன இருக்கு?
– வாகரை வாசகி

பதில்: அக்கா, எல்லாரையும்விட உங்களுக்குத்தான் இதில் அதிகம் இருக்கிறது.

உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வளவில் கருவாட்டுக் கூடு ஒன்றைப் பார்த்தேன். கட்டில் நீளத்துக்குச் சரிவாக ஒரு தட்டு, அதில் கறுப்புப் பூசிய தகரம், மேலே இழுத்துக் கட்டிய பொலித்தீன். தட்டின் மேல் முனையில் அலுமாரி மாதிரி ஒரு பெட்டி. அதற்குள் அடுக்கடுக்காக வலை, வலையில் பிளந்து உப்பிட்ட மீன். பெட்டியின் உச்சியில் ஆள் உயரத்துக்குக் கறுப்புக் குழாய் ஒன்று. கீழே காற்று நுழைகிற வாயில் இலையான் போகாதபடி கொசுவலை. வீட்டுக்காரம்மா ஒரு கோழியிறகை எடுத்துக் குழாயின் வாயில் பிடித்துக் கையை விட்டார். இறகு துள்ளி மேலே போய் வேலிக்கு அப்பால் விழுந்தது. மன்சனாரஸில் நடந்தது முழுவதும் அந்த இறகில் இருந்தது.

குழாய் இல்லாவிட்டால் மீன் விட்ட ஈரம் பொலித்தீனின் உட்பக்கம் முத்து முத்தாகக் கோத்து, திரும்ப மீனிலேயே சொட்டும், பூஞ்சணம் பிடிக்கும். குழாய் அந்த ஈரக் காற்றை இழுத்து வெளியே எறிகிறது. மணல் ஒட்டாது, காகம் தூக்காது, திடீர் மழைக்கு ஓடிப்போய் அள்ள வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று கவனம்: முதல் நாள் சூடு மிஞ்சினால் மீன் காயாமல் வெந்துவிடும். உச்சி வெயிலில் தட்டின் பாதிக்குச் சாக்கைப் போட்டு மூடுங்கள். நெல்லுக்கும், மிளகாய்க்கும், மரவள்ளிச் சீவலுக்கும் இதே கூடு உதவும். சூட்டைச் சூடாகவே பயன்படுத்தினால் நூற்றுக்கு ஒன்றுதான் மிஞ்சும் என்ற அந்த நட்டமே இல்லை.

கேள்வி: (வாழைச்சேனை மாணவியின் இரண்டாவது கடிதம்) எங்கள் விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒரு சின்னக் கோபுரம் செய்யலாமா?

பதில்: கட்டாயம் செய்யுங்கள். ஒரே அளவான மூன்று பால்மாத் தகரப் பேணி எடுத்து, இரண்டு பக்க மூடியையும் பெரியவர் ஒருவரைக் கொண்டு வெட்டி எடுங்கள். விளிம்பு கையைக் கிழிக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒட்டி, வெளியே கறுப்புப் பூசுங்கள். இரண்டு செங்கல்லின் மேல், அடியில் இடைவெளி இருக்க நிறுத்துங்கள். உச்சியில் ஒரு கம்பியை வளைத்து ஒட்டி, அதன் நடுவில் குண்டூசியை நிமிர்த்தி வையுங்கள். அதன் நுனியில், சொக்கலேற் சுற்றிய ஈயத்தாளில் வெட்டிய காற்றாடியை மெதுவாக இருத்துங்கள். காற்று அடிக்காத மதிலோரமாக, உச்சி வெயிலில் வைத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள். ஒரு பேணியில் எப்படிச் சுழன்றது, மூன்று பேணியில் எப்படிச் சுழன்றது என்று எண்ணி எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் முதல் பக்கத்தில் போடுகிறேன்.