வீட்டுவசதி ஆணையத்தார் சமூகத்துக்கு ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய ஆணையத்தார் அவர்களுக்கு,

டெக்சாஸ் மாநிலத்திலே ஒரு சிறு வீட்டை வாடகைக்கு விட்டு, பிரதி மாதமும் முதல் தேதியில் தாங்கள் அனுப்பும் தொகையைச் சிரமமின்றி அனுபவித்துவரும் அடியேன் பணிவுடன் எழுதிக்கொள்வது. வீட்டுவசதிச் சட்டத்தில் 1974-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சேர்த்த எட்டாம் பிரிவின்படி, குடியிருப்பவர் தம் வருமானத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கு கொடுக்க, மிச்சத்தைத் தாங்கள் கொடுக்கும் இந்த வவுச்சர் ஏற்பாட்டைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. என் வீட்டில் குடியிருக்கும் அம்மையாருக்கு வேலை போன காலத்திலும் அவர் பங்கு குறைந்து தங்கள் பங்கு கூடியதேயன்றி, எனக்கு ஒரு டாலரும் நஷ்டமானதில்லை.

இப்போது வீட்டை விற்க விரும்புகிறேன். வாங்க வந்தவரோ காலி வீடுதான் வேண்டும் என்கிறார். முதல் குத்தகைக் காலம் கழிந்தபின், விற்பனையும் தக்க காரணமே என்று மத்திய அரசின் விதிகள் அனுமதித்தாலும், வழக்குமன்றம் ஏறுவதைவிடப் பேசி முடிப்பதே உத்தமம் என்று கருதி, அம்மையாரின் அடுக்களை மேஜையருகே அமர்ந்து, காலிசெய்து சாவி தந்தால் பணம் தருவதாகச் சொன்னேன். அவர் பேராசைக்காரர் அல்லர்; லாரி வாடகையும், புது வீட்டுக்கு முன்பணமும் கேட்டார். அந்த முன்பணம் தங்கள் வவுச்சரில் அடங்காதாகையால், நான் கண்ணால் பார்த்திராத எவரோ ஒரு வீட்டுக்காரருக்கு நான் அட்வான்ஸ் கட்டப்போகிறேன்.

இனித் தங்கள் கருணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு 1978-க்கு முந்தியது, அம்மையாரின் பேரனுக்கு ஆறு வயது நிரம்பவில்லை என்ற காரணங்களால், ஜன்னல் சட்டத்தில் வர்ணம் உரிந்திருந்ததைக் கண்ட தங்கள் பரிசோதகர், ஈயம் குழந்தையின் உடலுக்கு ஆகாது என்று மண்டியிட்டு அமர்ந்து, விரலால் சுரண்டிப் பார்த்து, செப்பனிடாவிட்டால் பணம் நின்றுபோகும் என்று எச்சரித்துச் சென்றார். குழந்தையின்மேல் இவ்வளவு வாஞ்சை கொண்ட சமூகம், அதே குழந்தை அடுத்த மாதம் எந்த ஜன்னலருகே படுக்கும் என்பதைப் பற்றி மட்டும் விசாரிப்பதில்லை. புது வவுச்சரைக் கையில் கொடுத்து, குறைந்தது 60 நாள் தவணை என்று சொல்லி அனுப்பிவிடுகிறது. தவணை நீட்டிப்பதோ தங்கள் சித்தம். தகுதியுள்ள நால்வரில் ஏறக்குறைய ஒருவருக்கே கிட்டும் அந்தப் பாக்கியச் சீட்டை, வீட்டுக்காரர்கள் வாங்கியே தீரவேண்டும் என்று நகரசபைகள் சட்டம் செய்யலாகாதென எங்கள் மாநிலம் 2015-இல், முன்னாள் படைவீரர் நீங்கலாக, தடுத்துவிட்டது. ஆகவே அம்மையார் தொலைபேசியில் பெயர் சொல்லி, வாடகை விசாரித்து, 'வவுச்சர்' என்றவுடன், வீடு நேற்றே போய்விட்டது என்ற பதிலைப் பெறுகிறார். (அப்படிப் பதில் சொல்வோரை நிந்திக்கலாமென்றால், காலி வீடு வேண்டுமென்று அவசரப்படும் என்னையும் அந்தப் பட்டியலில் சேர்க்க நேரும்.)

எப்படியோ ஒருவர் சம்மதித்திருக்கிறார். ஆனால் தாங்கள் அவ்வீட்டைச் சோதித்து ஒப்புக்கொள்ளும்வரை அம்மையார் அங்கே போகமுடியாது. போகும்வரை நான் விற்கமுடியாது. பரிசோதகர் வரும் நாளைச் சொல்வாரும் இல்லை. அம்மையாரும் நானும் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் தொகை, லாரி, சாவி எல்லாம் எழுதியாயிற்று. வெளியேறும் தேதிக்கு மட்டும் ஒரு வரி இடம் விட்டிருக்கிறோம். அதைத் தாங்கள் நிரப்பித் தரவேண்டுமென்று இருவரும் பிரார்த்திக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் விதேயனான வீட்டுக்காரன்