யூ இன்றி வரும் க்யூ: ஓர் எழுத்ததிகார ஆய்வு

ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளில், தனியாக எங்கும் போகத் தெரியாதது என்று பள்ளிக்கூடத்திலேயே பெயர் வாங்கியது க்யூ. க்வீன், க்விக், க்விஸ் என்று எந்தச் சொல்லுக்குப் போனாலும் யூவைக் கையோடு அழைத்துப்போகும். தொல்காப்பியர் கண்டிருந்தால் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகிய மூன்று சார்பெழுத்துகளோடு இதை நான்காவதாகச் சேர்த்துவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போயிருப்பார். இவ்வாய்வு அக்கருத்திலிருந்து பணிவுடன் வேறுபடுகிறது. யூ இன்றியும் க்யூ வாழும். வாழ்ந்தால் வசதியாகவே வாழும் என்பது நம் கருதுகோள்.

இயல் 1: களம்

ஆய்வுக் களம் ஸ்க்ராபிள் பலகை. 15க்கு 15 ஆக 225 கட்டங்கள். இதை 1930களில் வகுத்தவர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கர். கட்டடக் கலைஞரான அவருக்குப் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை போயிற்று. நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தை விரித்துவைத்து எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். வேலையில்லாதவர் நாளிதழை இவ்வளவு ஆழமாக வாசித்ததற்கு வேறு சான்று காட்டுவது கடினம். அந்தக் கணக்கின் வழியே ஈ என்ற எழுத்துக்கு 12 காய்களும் யூவுக்கு 4 காய்களும் கிடைத்தன. க்யூவுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. மதிப்பு 10 புள்ளி.

ஒரு க்யூவுக்கு நான்கு யூ என்பது தாளில் தாராளம். கையில் இருக்கும் ஏழு காய்களில் தேடும்போதுதான் தெரியும், நான்கும் எதிராளியிடம் இருப்பது. கடைசிவரை க்யூ கையிலேயே தங்கிவிட்டால், போட்டி விதிப்படி அதன் மதிப்பைப் போல் இரு மடங்கு, அதாவது 20 புள்ளி, முதலில் காய்களைத் தீர்த்த எதிராளிக்குப் போய்ச் சேரும். இவ்வாய்வின் சமூகத் தேவை இதுவே.

இயல் 2: வரலாறு

க்யூவின் பாட்டன் பினீசிய எழுத்து; பெயர் கோஃப். அதே பெயருள்ள எபிரேய எழுத்தை ஆங்கில அகராதிகள் க்யூ, ஓ, பி, எச் என்று எழுதுகின்றன. பாட்டன் பெயரில் யூ இல்லை. பேரனுக்கு இந்தப் பழக்கம் லத்தீனில் ஒட்டியது. பழைய ஆங்கிலத்தில் ராணியைக் குறிக்கும் சொல்லே சி என்ற எழுத்தில்தான் தொடங்கியது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின், பிரெஞ்சு வழக்கத்தில் தேர்ந்த எழுத்தர்கள் க்யூவையும் யூவையும் ஜோடியாகக் குடியேற்றினார்கள். நகமும் சதையும் என்று நாம் நம்பிய உறவு, படையெடுப்பில் நடந்த கட்டாயக் கல்யாணம்.

இயல் 3: வகைப்பாடு

யூ இன்றி வரும் க்யூச் சொற்கள் நால்வகைப்படும்.

முதலாவது, மேற்காசிய வகை. பக்கீர், காஜி, தலாக், நிகாப், புர்கா, கிப்லா. ஈரானின் நிலத்தடி நீர்க்கால்வாயான கனாத். ஏமனில் மெல்லப்படும் காத் இலை. அரபியின் அடித்தொண்டை ஒலிக்கு ஆங்கிலம் கொடுத்த கூலி இந்த க்யூ.

இரண்டாவது, சீன வகை. 1958இல் சீன அரசு ஏற்ற ரோமன் எழுத்துமுறையில் க்யூவுக்கு ஏறத்தாழச் சகர ஒலி. அதன் வழி வந்ததே உயிராற்றலைக் குறிக்கும் ‘சீ’. எழுத்தில் க்யூ, ஐ. இவ்விரண்டே எழுத்துகளின் பயனைப் பின்னர் காண்போம்.

மூன்றாவது, தனிவழி வகை. அல்பேனியாவின் சில்லறைக் காசும், தென்னாப்பிரிக்காவின் ம்பகாங்கா இசையும் இதில் அடங்கும்.

நான்காவது, உள்ளூர் வகை. தட்டச்சுப் பலகை மேல்வரிசையின் முதல் ஆறு எழுத்துகளே சொல்லாகிவிட்ட ‘க்வெர்ட்டி’ ஒன்று. மற்றது ‘ட்ராங்க்’. அமைதிப்படுத்தும் மருந்தின் நீண்ட ஆங்கிலப் பெயரை இடையில் நறுக்கியபோது க்யூ இப்பக்கமும் யூ அப்பக்கமும் விழுந்தன. தோன்றல், திரிதல், கெடுதல் என்ற மூவகை விகாரங்களில் இது கெடுதலின்பாற்படும். ஆட்டக்காரருக்கோ நல்லது.

இயல் 4: மறுப்பும் விடையும்

“2006இல் மசாசூசெட்ஸின் லெக்சிங்டனில் மைக்கேல் க்ரெஸ்டா ‘க்விக்ஸாட்ரி’ என்ற ஒரே சொல்லுக்கு 365 புள்ளி எடுத்தாரே, அதில் யூ இருந்ததே” என்பர் ஒருசாரார். இருந்தது. கூடவே மற்ற ஆறு எழுத்துகளும், காலியான இடமும், ஊழ்வினையும் இருந்தன. நம் ‘சீ’க்கு வேண்டியது இரண்டு எழுத்து. எழுத்தின் மதிப்பை மும்மடங்காக்கும் கட்டத்தில் க்யூவை வைத்து, ஒரே வாய்ப்பில் குறுக்கும் நெடுக்குமாக அச்சொல் இருமுறை அமையச் செய்தால் 31உம் 31உம் 62.

“பொருளே தெரியாமல் சொல்லை வைப்பது அறமா?” என்பர் வேறொருசாரார். நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே 2015இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தை வென்றார். பொருள் என்பது பலகையில் புள்ளி பெறாத எழுத்து.

இந்த இடத்தில் தமிழருக்கு நேர்ந்த இழப்பைப் பதிவு செய்வது ஆய்வாளர் கடமை. காஜியை நமக்குத் தெரியும். நாகூர்ப் பக்கீரைத் தெரியும். தலாக் வழக்குகளை நாளிதழில் படித்திருக்கிறோம். இத்தனையையும் ஒரே ககரத்தில் அடக்கிவிட்டதால், பக்கீருக்குள் 10 புள்ளி புதைந்திருப்பது கண்ணில் படாமல் போயிற்று. ரிச்சர்ட்ஸுக்கு எழுத்து உண்டு, பொருள் வேண்டாம். நமக்குப் பொருள் உண்டு, எழுத்து இல்லை.

முடிவுகள்

1. க்யூ சார்பெழுத்து அன்று. சகவாசத்தால் கெட்ட முதலெழுத்து.

2. யூவுக்காகக் காத்திருப்பவர் 20 புள்ளிக்கு நன்கொடையாளர்.

3. “காஜியா? அப்படி ஆங்கிலச் சொல்லே கிடையாது” என்று எதிராளி முறையிட்டால் மகிழ்க. அகராதி காஜி பக்கம். அமெரிக்க விதிப்படி, தோற்ற முறையீட்டாளர் அடுத்த வாய்ப்பை இழப்பார். காஜியின் தீர்ப்புக்கு மேல்முறையீடும் இல்லை.